கிளிக்கு அபராதம், மக்காவுக்குப் பதிவு எண்

2023 ஜனவரி 11. சென்னை விமான நிலையத்தில் பயணிகள் எல்லோரும் போன பிறகும் இரண்டு பெட்டிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. சுங்கத் துறையினர் திறந்து பார்த்தார்கள். உள்ளே 45 பால் பைதான் பாம்புகள், 8 கார்ன் பாம்புகள், 3 மார்மோசெட் குரங்குகள், 3 நட்சத்திர ஆமைகள். மொத்தம் 59 உயிர்கள். மறுநாளே அத்தனையையும் பாங்காக் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படத்தோடு செய்தி வந்தது. நாமும் ‘அட!’ என்று பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒன்று உறுத்தும். பால் பைதான், கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. கார்ன் பாம்பு அமெரிக்காவுக்குரியது. மார்மோசெட், உள்ளங்கையில் அடங்கும் தென்னமெரிக்கக் குரங்கு. நட்சத்திர ஆமையோ நம் ஊர்ப் பிராணி. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளிலும் குஜராத், ராஜஸ்தானிலும் இலங்கையிலும் வாழ்வது. ஐம்பத்தொன்பதில் ஒன்றுகூடத் தாய்லாந்துக்குச் சொந்தமானது இல்லை. ஆனாலும் ‘வந்த நாட்டுக்கே அனுப்பியாயிற்று’ என்று கோப்பு மூடப்பட்டது. அந்த மூன்று நட்சத்திர ஆமைகள் இங்கிருந்து திருட்டுத்தனமாகப் போனவையோ, அங்கே ஏதோ ஒரு பண்ணையில் பிறந்தவையோ, யாரும் கேட்கவில்லை. சொந்த மண்ணில் வந்து இறங்கிய மறுநாளே அவையும் வெளிநாட்டுப் பிராணிகளோடு சேர்த்து நாடு கடத்தப்பட்டன.

அதற்கு முந்தைய ஆகஸ்டிலும் இதே கதைதான். மத்திய ஆப்பிரிக்காவின் டி பிராசா குரங்கு ஒன்று, 15 கிங் பாம்புகள், 5 பால் பைதான்கள், செஷெல்ஸ் தீவுகளைச் சேர்ந்த அல்டாப்ரா ஆமைகள் இரண்டு. இவையும் பாங்காக்கிலிருந்து வந்தவை. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண் பயணியின் பெட்டியில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களைத் திறந்து, நீளக் கம்பியால் பாம்புகளை வெளியே எடுக்கும் காட்சி நாடு முழுக்கப் பரவியது. 2019 பிப்ரவரியில் பாங்காக் பயணி ஒருவரின் பையில் ஒரு மாதமே ஆன சிறுத்தைக் குட்டி. எடை ஒரு கிலோ சொச்சம். இந்தியாவில் 13,874 சிறுத்தைகள் இருப்பதாக 2022 கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது. அப்படிப்பட்ட நாட்டுக்கு விமானத்தில் ஒரு சிறுத்தை! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. அந்தக் குட்டி வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனது.

இவற்றைத் துணுக்குச் செய்திகளாகப் படிக்கும்வரை ஒரு சுவாரஸ்யம் இருக்கும். வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு வியாபாரத்தின் சரக்கு வரத்துப் புத்தகம் போலத் தெரியும். வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் ‘டிராஃபிக்’ அமைப்பு 2022-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2020 வரை இந்தியாவின் 18 விமான நிலையங்களில் நடந்த 140 பறிமுதல்களை எடுத்துக்கொண்டு, எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட விலங்குகள், அவற்றின் உடற்பாகங்களோடு சேர்த்து, சிக்கியதாகக் கணக்கிட்டது. அதிகப் பறிமுதல்கள் நடந்த இடம் சென்னை. நம் சுங்கத் துறையின் விழிப்புக்கு அதில் பங்கு உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விழிப்பு மட்டுமே காரணம் என்று நம்ப முடியாது. வாங்க ஆள் இல்லாத ஊருக்கு யாரும் சரக்கு அனுப்ப மாட்டார்கள்.

சரக்கைக் கொண்டுவருபவர்களைச் சென்னையில் எல்லோருக்கும் தெரியும். குருவிகள். ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்து டேப் ரெக்கார்டரும் சென்ட்டும் கொண்டுவந்தவர்கள், பிறகு தங்கம். பாம்புக்குட்டி அந்த வரிசையில் புதிது. டிக்கெட்டும் கைச்செலவும் யாரோ தருவார்கள். கொண்டுவந்து கொடுத்தால் கூலி. துணிப்பைக்குள் சுருட்டி முடிச்சுப் போட்ட மலைப்பாம்புக்குட்டி சத்தம் போடாது, பல நாள் பட்டினி தாங்கும், பயந்தால் தலையை உள்ளே இழுத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். ‘பால் பைதான்’ என்று பெயர் வந்ததே அதனால்தான். கடத்துபவனுக்கு இதைவிட வசதியான சரக்கு கிடையாது. பிடிபட்டால் உள்ளே போவது குருவி. பாங்காக்கில் பெட்டியைக் கொடுத்தவர் யார், சென்னையில் வாங்கக் காத்திருந்தவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் செய்தியில் இருப்பதில்லை. யாரும் உரிமை கோராத பெட்டி என்றால் குருவிகூடக் கிடையாது.

திருப்பி அனுப்புவதற்கு அதிகாரிகள் சொல்லும் காரணங்களை அலட்சியப்படுத்த முடியாது. எந்த நோயோடு வந்திருக்கிறது என்று தெரியாத விலங்கை உள்ளே விட முடியாது. தனிமைப்படுத்தி வைக்க இடம் வேண்டும், ஆள் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கப் பாம்புகளை நாற்பதும் ஐம்பதுமாகத் தத்தெடுக்க எந்த உயிரியல் பூங்காவாலும் முடியாது. அவற்றை நம் காட்டில் விடுவது அதைவிட ஆபத்து. சரி. ஆனால், அவை புறப்பட்டதே பாங்காக்கின் சந்தையிலிருந்துதான். அங்கே போய் இறங்கிய பிறகு என்ன ஆயின என்று இங்கே எந்தத் துறையும் மக்களுக்குச் சொல்லுவதில்லை. அதே பாம்பு இன்னொரு பெட்டியில் ஏறி மறுபடி மீனம்பாக்கத்தில் இறங்கினாலும் கண்டுபிடிக்க வழியில்லை. உடம்புக்குள் ஒரு மைக்ரோசிப் வைத்து அனுப்புவது பெரிய செலவில்லை. அதைச் செய்தாலாவது இந்தச் சந்தேகம் தீரும்.

வருவது ஒரு பக்கம் என்றால் போவது இன்னொரு பக்கம். தென்னிந்தியப் புதர்க்காடுகளில் அள்ளப்படும் நட்சத்திர ஆமைகள் இதே விமான நிலையத்தின் வழியாகக் கிழக்கே போகின்றன. ஒரே ஒரு வணிக மையத்தைச் சுற்றி மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2019-ல் சர்வதேச வணிகத்தை முற்றிலும் தடுக்கும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு நட்சத்திர ஆமை உயர்த்தப்பட்டது. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று பழமொழி சொன்ன ஊர் இது. இன்று அதே ஊரில், வரவேற்பறையில் ஆமை இருந்தால் அதிர்ஷ்டம் என்று பணம் கொடுத்து வாங்கி வைக்கிறார்கள். மூடநம்பிக்கை போகவில்லை, திசை மாறியிருக்கிறது. பழைய மூடநம்பிக்கையால் ஆமைக்காவது நன்மை இருந்தது.

இந்த வியாபாரம் வளர்ந்ததற்குச் சட்டத்தில் இருந்த ஓட்டையும் ஒரு காரணம். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்திய விலங்குகளுக்காக எழுதப்பட்டது. 1976-ல் இந்தியா சைட்ஸ் உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனால் அது எல்லையைக் கடக்கும் வணிகத்தைத்தான் கட்டுப்படுத்தும். ஆக, வெளிநாட்டு விலங்கைச் சுங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவி உள்ளே கொண்டுவந்துவிட்டால் போதும். அதன் பிறகு விற்பதையும் வளர்ப்பதையும் கேள்வி கேட்க வனத்துறைக்குச் சட்டம் இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதுதான் நிலைமையாக இருந்தது. மக்காவ், காக்கட்டூ, இகுவானா, சுகர் கிளைடர் எல்லாம் நகர்ப்புற வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான்.

2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வழி கண்டுபிடித்தது. வெளிநாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து அறிவித்தால், அது எப்படி வந்தது என்பதற்கு ஆவணம் கேட்க மாட்டோம் என்றது. கறுப்புப் பணத்துக்கு அவ்வப்போது அறிவிக்கும் பொது மன்னிப்பின் அச்சு அசல். 2022-ல் சட்டத்தைத் திருத்தி, சைட்ஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளை நான்காம் அட்டவணையில் சேர்த்தார்கள். 2023 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வெளியாயின. ‘பரிவேஷ்’ இணையதளத்தில் விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும் செத்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் பதிவேடு என்பது எழுதிக் கொடுப்பதை வாங்கி வைத்துக்கொள்ளும் ஏடு. பால் பைதான் ஒரு ஈட்டுக்கு ஆறேழு முட்டை இடும். பதிவு செய்த ஒருவர் தன் பாம்பு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது என்று எழுதிவிட்டால், பெட்டியில் வந்த குட்டிகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். காகிதத்தில் பிறந்த குட்டியும் முட்டையில் பிறந்த குட்டியும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மரபணுச் சோதனை செய்து தாய்க்கும் குட்டிக்கும் உறவு உண்டா என்று பார்ப்பது விஞ்ஞானத்துக்குக் கஷ்டமில்லை. வனச்சரக அலுவலகத்தில் அதற்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை.

இனி, பச்சைக்கிளிக்கு வருவோம்.

2024 மக்களவைத் தேர்தலில் கடலூர் தொகுதியில் பா.ம.க. வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான் பிரச்சாரத்தின்போது ஒரு கிளி ஜோசியரிடம் சீட்டு எடுத்துப் பார்த்தார். வெற்றி உறுதி என்று பலன் வந்தது. அந்தக் காட்சி பரவியதும் வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்துக்கொண்டு போனது, கிளிகளும் பறிமுதல். கட்சி கண்டித்தது, சமூக ஊடகங்களில் சிரிப்பு. ஜோசியரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். தேர்தலில் ஜெயித்தது காங்கிரஸின் விஷ்ணு பிரசாத். பாவம் கிளி, பலனும் பலிக்கவில்லை.

சட்டப்படி வனத்துறை செய்தது சரி. இந்தியப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1990-களின் தொடக்கத்திலிருந்தே தடை. 2022 திருத்தத்துக்குப் பிறகு கிளிக்கு இரண்டாம் அட்டவணையில் இடம். சென்னையில் ஒரு நகைச்சுவை நடிகர் வீட்டில் வளர்த்த இரண்டு பெரிய பச்சைக்கிளிகளுக்காக 2023-ல் இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டினார். தடை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிளிக்குஞ்சு எடுப்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கும் இருக்காது. தை, மாசியில் மொட்டைத் தென்னையிலும் பனையிலும் பொந்து பார்த்து முட்டையிடும். குஞ்சுக்கு உடம்பெல்லாம் முள் முள்ளாக இறகு கிளம்பும் பருவத்தில், பறக்கும் முன்னால், மரமேறிப் பொந்துக்குள் கைவிட்டு எடுப்பார்கள். கை நுழையாத பொந்தைக் கத்தியால் செதுக்கி அகலப்படுத்துவார்கள்; அடுத்த ஆண்டு அந்தப் பொந்து எந்தப் பறவைக்கும் உதவாது. குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் நெருக்கி அடைத்துப் பொட்டுக்கடலை மாவைக் கரைத்து ஊட்டுவார்கள். வழியிலேயே பல செத்துப்போகும். பிழைத்தவற்றின் நீளச் சிறகிறகுகளைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டால் பறக்காது. இறகு மறுபடி வளரும்போது மறுபடி கத்தரி. சீட்டைக் கவ்விக் கொடுத்துவிட்டு ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் திரும்பும் அந்தப் பணிவு இப்படி உண்டாக்கப்பட்டது.

என் கேள்வி வேறு. தென்னமெரிக்க மரப்பொந்தில் மக்காவ் குஞ்சுக்கும், காங்கோ காட்டில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கும் நடந்ததும் இதே கொடுமைதான். சாம்பல் கிளி இப்படிப் பிடித்துப் பிடித்தே பல நாடுகளில் அருகிப்போனது. 2016-ல் சைட்ஸ் மாநாடு அதை முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. ஆனால் இங்கே சாம்பல் கிளி வளர்ப்பவர் இணையதளத்தில் பதிந்து எண் வாங்கிக்கொள்ளலாம். பச்சைக்கிளி வளர்ப்பவருக்கு அபராதமும் கைதும். வசதியுள்ளவரின் பிராணிக்குப் பதிவும், மரத்தடியில் துணி விரித்து உட்கார்ந்திருப்பவரின் பிராணிக்குப் பறிமுதலும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் படும். சட்டம் அப்படி நினைத்து எழுதப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பலன் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. உலகக் கிளிகளில் ஏறக்குறைய எல்லாமே சைட்ஸின் முதல் இரண்டு பட்டியல்களில் இருக்க, நான்கே நான்கு வகைகளுக்கு மட்டும் விலக்கு: பட்ஜெரிகர், காக்டெயில், இளஞ்சிவப்பு முக லவ் பேர்ட், நம் பச்சைக்கிளி. உலகச் சந்தையில் தாராளமாக விற்கப்பட்டுக் கூண்டிலிருந்து தப்பிய நம் கிளிகள்தான் லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு திரிகின்றன. அதே கிளியின் மஞ்சள், நீல நிற வகைகள் பண்ணையில் பெருக்கப்பட்டு நம்மூர்க் கடைகளுக்கே ‘ஃபாரின்’ பறவையாகத் திரும்பி வருகின்றன. பச்சை நிறம் இருந்தால் குற்றம், நீலமானால் பொழுதுபோக்கு என்ற குழப்பத்தைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கூண்டோடு உட்கார்ந்திருப்பவரிடம் எப்படி விளக்குவது?

சட்டம் கருணையோடும் மோதும். சோளிங்கரில் நாய் கடித்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒரு குரங்குக் குட்டியை ஒரு கால்நடை மருத்துவர் எடுத்துச் சென்று ஏறத்தாழப் பத்து மாதம் பராமரித்தார். 2024 அக்டோபரில் வனத்துறை அதை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனது. குட்டியைத் திரும்பத் தரக் கேட்டு அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். போய்ப் பார்க்க நீதிமன்றம் அனுமதித்தது. வளர்க்க அனுமதி மறுத்தது. அந்த மருத்துவரின் மனம் புரிகிறது. ஆனாலும் முடிவு சரி என்றே நினைக்கிறேன். காட்டு விலங்கு ஒன்று மனிதரோடு ஒட்டிக்கொண்டதே அதை மனிதரிடம் விட்டுவைக்கப் போதுமான காரணம் என்று ஏற்றுக்கொண்டால், நாளை ஒவ்வொரு கடத்தல்காரரும் தன் விலங்கின் பாசத்தைத்தான் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துவார். பாசத்தின் அடையாளங்களை நாம் தப்பாகவும் படிக்கிறோம். கூச்சம் காட்டியதும் கைகளைத் தூக்கிக்கொண்டு சொக்கிப்போனது போல உட்கார்ந்திருக்கும் ஸ்லோ லோரிஸ் காணொளிகளைக் கோடிக்கணக்கானோர் பார்த்திருப்பார்கள். நம் தேவாங்கின் தென்கிழக்காசிய உறவினர் அது. மிரண்டால்தான் கையைத் தூக்கும். முழங்கைப் பக்கம் சுரக்கும் திரவத்தை நக்கி எச்சிலோடு கலந்து கடியை விஷமாக்கிக்கொள்ளத் தயாராகிறது. சந்தையில் விற்பவர்கள் முன்கூட்டியே பல்லை வெட்டிவிடுவதால் வீட்டில் கடிக்காது.

குளத்தில் விட்ட புண்ணியம்

கடத்தலுக்கே வேலையில்லாமல், பட்டப்பகலில் விற்கப்படும் ஆபத்தும் உண்டு. கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலும் மற்ற ஊர்களின் பெட் ஷாப்களிலும் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதான பச்சை ஆமைக்குட்டி, காதருகே சிவப்புக் கோட்டோடு, பிளாஸ்டிக் தொட்டியில் நீந்துவதைப் பார்த்திருப்பீர்கள். செங்காது ஆமை. மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. குழந்தை ஆசையாகக் கேட்கும், அப்பா வாங்கிக் கொடுப்பார். அது முப்பது ஆண்டு வாழும், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், தண்ணீர் நாறும் என்பதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தக் குட்டி ஆமைகளால் குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா தொற்று பரவுவதைக் கண்டு, ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975-லேயே தடை செய்தது. பிறந்த நாட்டிலேயே தடை செய்யப்பட்ட சரக்கு இங்கே குழந்தைகளுக்குப் பிறந்தநாள் பரிசு.

வளர்ந்த ஆமையைக் கொல்ல மனம் வராது. கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டால் புண்ணியம் என்று விட்டுவிடுவார்கள். அது உணவிலும் வெயில் காயும் கல்லிலும் நம் குளத்து ஆமைகளோடு போட்டியிட்டு அவற்றை ஒதுக்கிவிடும். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. திருச்சூர் அருகே 2018-ல் ஒரு கால்வாயில் இது தென்பட்டபோது, பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களிடம் கேட்டு வாங்கிச் சேகரிக்கத் தொடங்கியது. வீட்டில் வைத்திருக்க முடியாதவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்க ஓர் இடம் இருந்தால், குளத்துக்குப் போவது குறையும் என்கிற எளிய யோசனை. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒன்றாவது அப்படி ஓர் இடம் வேண்டும். தொட்டிக் கண்ணாடியில் பாசி தின்னும் என்று விற்கப்படும் ‘டேங்க் கிளீனர்’ மீன் நம் ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு திரிவதும் இதே வழியில் வந்த வினை. அயல் ஊடுருவல் உயிரினங்களின் இறக்குமதி, விற்பனை, பராமரிப்பைத் தடை செய்யும் அதிகாரத்தை 2022 திருத்தம் மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டிய முதல் இடம் மீன்தொட்டிக் கடை.

இருளர்கள் தேடிய பாம்பு

வளர்ப்புப் பிராணி காட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்குப் புளோரிடாவைவிடப் பெரிய பாடம் இல்லை. அந்தப் பாடத்தில் நம் ஊர்க்காரர் இருவருக்குப் பங்கு உண்டு.

1996 முதல் 2006 வரை மட்டும் சுமார் 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்கு இறக்குமதியாயின. எல்லாம் வளர்ப்புக்காக. குட்டியாக வாங்கியவர்கள், அது பன்னிரண்டு அடியானதும் காரில் வைத்துக் கொண்டுபோய்ச் சதுப்புநிலத்தில் விட்டார்கள். 1992-ல் வீசிய ஆண்ட்ரூ புயலில் ஒரு பாம்புப் பண்ணை சிதைந்து தப்பியவையும் சேர்ந்துகொண்டன என்பார்கள். எவர்கிளேட்ஸ் சதுப்புநிலக் காடு அவற்றுக்கு சொர்க்கமாக அமைந்தது. 2012-ல் வெளியான ஆய்வில், பாம்பு நெடுநாளாக இருக்கும் பகுதிகளில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்திருந்தது. ஒபோசம் கிட்டத்தட்ட அதே அளவு. பாப்கேட் எனும் காட்டுப்பூனை 87 சதவீதம். முயலை ஆய்வாளர்கள் காணவே இல்லை. அந்த ஆண்டுதான் இறக்குமதிக்குத் தடை வந்தது. எல்லாம் முடிந்த பிறகு.

நாய்களை விட்டுத் தேடினார்கள், பரிசுப்போட்டி வைத்தார்கள், டிரான்ஸ்மிட்டர் பொருத்திய பாம்புகளைப் பின்தொடர்ந்தார்கள். 2017 ஜனவரியில் பாம்பியலாளர் ராமுலஸ் விட்டேகரின் ஏற்பாட்டில், செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போனார்கள். முதல் எட்டு நாளில் 13 பாம்புகள். அவற்றில் நான்கு, கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஒரு ஏவுகணைத் தளத்துக்குள் கிடந்தன. ஒன்று பதினாறு அடிப் பெண் பாம்பு. உள்ளூர் ஆட்கள் சாலையோரமாக வண்டியில் மெல்லப் போய்த் தேடிக்கொண்டிருக்க, இவர்கள் புதருக்குள் நேராக இறங்கி நடந்தார்கள். வயிறு உராய்ந்த தடம், உரித்த சட்டை, எச்சம், புல் சாய்ந்திருக்கும் விதம், இவைதான் அவர்களுக்குச் சாட்சி. தண்ணீரைவிட்டு மேட்டைத்தான் பார்த்தார்கள். குளிர்காலத்தில் வெயில் காயப் பாம்பு எங்கே வரும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த அறிவின் வரலாறும் வியாபாரத்தோடு பின்னியதுதான். தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் இருளர்கள். 1972 சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. சட்டம் தடுத்ததோடு நின்றிருந்தால் அவர்கள் திருட்டுத்தனமாகத் தொடர்ந்திருப்பார்கள், அல்லது பட்டினி கிடந்திருப்பார்கள். 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், பிடித்த பாம்பிலிருந்து விஷம் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷம் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகிறது. சடையனுக்கும் வடிவேலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கிளி ஜோசியரைப் பிடித்து எச்சரித்து அனுப்புகிற வனத்துறைக்கு, அவர் மறுநாள் எதை வைத்துப் பிழைப்பார் என்று யோசிக்க இந்த முன்னுதாரணம் கையருகிலேயே இருக்கிறது.

நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2003-ல் கானாவிலிருந்து வளர்ப்புக்கென அமெரிக்கா போன பெரிய எலிகள் ஒரு கடையில் புல்வெளி நாய் எனப்படும் அணில் வகைப் பிராணிகளுக்கு அருகில் வைக்கப்பட்டன. எலியிடமிருந்து புல்வெளி நாய்களுக்கும், அவற்றை வாங்கிய வீடுகளில் மனிதருக்கும் குரங்கம்மை தொற்றியது. ஆறு மாநிலங்களில் 47 பேர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே மனிதர்களிடம் அந்த நோய் முதன்முதலில் தோன்றியது அப்போதுதான். பல கண்டத்து விலங்குகளை ஒரே பெட்டியில் அடைத்துக் கொண்டுவருவதில் உள்ள ஆபத்து இதுதான். 2023 ஜனவரியில் சென்னையில் கிடந்த பெட்டிகளில் ஆப்பிரிக்கா, இரண்டு அமெரிக்காக்கள், ஆசியா எல்லாம் இருந்தன.

எதை வளர்க்கலாம்?

இப்போதைய சட்டம், எதை வளர்க்கக் கூடாது, எதைப் பதிய வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. பட்டியலில் இல்லாத எதையும் வளர்க்கலாம் என்றாகிறது. உலகில் உள்ள விலங்கினங்கள் லட்சக்கணக்கில். வியாபாரி எப்போதும் பட்டியலுக்கு ஓரடி முன்னால் நடப்பார். பெல்ஜியம் இதைத் தலைகீழாக மாற்றியது. பாலூட்டிகளில் இன்னின்னவற்றை வளர்க்கலாம் என்று 42 வகைகளை மட்டும் குறிப்பிட்டு, மற்றவை எல்லாம் கூடாது என்றது. 2009 முதல் இது அங்கே நடைமுறை. நெதர்லாந்து 2024 ஜூலையில் 30 பாலூட்டிகள் கொண்ட பட்டியலை அமல்படுத்தியது. காவலருக்கும் சுங்க அதிகாரிக்கும் இதில் வேலை எளிது. இது எந்தக் கண்டத்து எந்த வகைக் குரங்கு என்று நிபுணரைத் தேட வேண்டாம். பட்டியலில் குரங்கே இல்லை என்றால் முடிந்தது.

நம் ஊரில் இதை எதிர்ப்பவர்கள் இருப்பார்கள். லவ் பேர்டும் காக்டெயிலும் வண்ணமீனும் பெருக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் கொளத்தூரிலும் சுற்று வட்டாரத்திலும் ஏராளம். அவர்கள் பாங்காக் பெட்டிக்காரர்கள் இல்லை. பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து, காட்டிலிருந்து புதிதாகப் பிடிக்கத் தேவையில்லாத, தப்பினால் நம் காட்டைக் கெடுக்காத வகைகளை அந்தப் பட்டியலில் தாராளமாகச் சேர்க்கலாம். மலைப்பாம்பும் மார்மோசெட்டும் சாம்பல் கிளியும் அதில் வர வேண்டிய அவசியமே இல்லை. பதிவுக்கென்று ஏற்கெனவே உருவான இணையதளமும் அட்டவணையும் வீணாகாது. யாரிடம் என்ன இருக்கிறது என்ற கணக்கு அங்கே கிடைக்கும்.

இதற்கு முன் வாங்கியவர்களிடமிருந்து பிடுங்க வேண்டியதும் இல்லை. நெதர்லாந்து செய்தது இதுதான்: வைத்திருப்பவர் அந்த விலங்கு சாகும்வரை வைத்துக்கொள்ளலாம், இனப்பெருக்கம் செய்யக் கூடாது. மக்காவும் சாம்பல் கிளியும் கூண்டில் ஐம்பது ஆண்டு வாழக்கூடியவை. இன்றே பட்டியல் வந்தாலும் கடைசிப் பதிவு எண் ரத்தாக 2070-களைத் தாண்டிவிடும்.